ஒருதலைக் காதல், பிரிவு: பழைய ஜப்பானியப் பாடல்களை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது, எப்படி வாசிப்பது?

பனித்துளி (கேள்வி)

மிகி மட்சுபாராவின் ‘மயோநாகா நோ டோவா’, மாரியா தகேவுச்சியின் ‘ப்ளாஸ்டிக் லவ்’ இரண்டும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டன. அந்த இரண்டைத் தாண்டி, 1970களிலிருந்து 1999 வரை வந்த ஜப்பானியக் காதல் தோல்விப் பாடல்களை ஒழுங்காகக் கேட்க விரும்புகிறேன். நான்கு கேள்விகள்:

1. ஒருதலைக் காதலுக்கும் பிரிவுக்கும் எந்தப் பாடல்களை முதலில் எடுக்கலாம்?

2. இணையத்தில் கிடைக்கும் கார்டுகளைப் பார்த்து கிதாரில் எஃப், ஜி, ஈ மைனர், ஏ மைனர் என்று வாசித்தால் சப்பென்று இருக்கிறது. பதிவில் இருக்கும் அந்த ஏக்கம் எங்கே போகிறது?

3. பாடும்போது சொற்கள் தாளத்துக்குள் அடங்குவதில்லை. கடைசிப் பல்லவியில் குரல் எட்டுவதில்லை. என்ன செய்வது?

4. ஒரே பாட்டுக்குப் பல பதிவுகள் கிடைக்கின்றன. எதை நம்புவது?

---

ரேடியோப்பெட்டி

கைக்கிளையையும் பிரிவையும் முதலில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இசைச்செயலிகள் இரண்டையும் ‘சோகம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. கேட்கிறவருக்கு அதனால் நஷ்டம். இரண்டும் பேசும் தொனியே வேறு.

கைக்கிளைக்கு மூன்று பாடல்கள் போதும், அவற்றை முழுதாகக் கேளுங்கள். ஒன்று, கோசோ முராஷிதாவின் ‘ஹட்சுகோய்’ (1983). பள்ளி விட்ட பிறகு மைதானத்தில் ஓடும் பெண்ணை ஒருவன் தூரத்திலிருந்து தேடிக்கொண்டே இருக்கிறான். பிடிக்கும் என்ற சொல் கடைசிவரை அவன் வாயிலிருந்து வருவதில்லை. பாட்டில் நடப்பது அவ்வளவுதான், ஆனால் முராஷிதாவின் குரல் நேராக, நடுக்கமே இல்லாமல் போகிறது. அழுகையைப் பாடகர் எடுத்துக்கொள்ளாததால் அது நம்மிடம் வந்துவிடுகிறது.

இரண்டாவது, அமிங் என்ற இரு பெண்கள் பாடிய ‘மட்சு வா’ (1982). யமஹா நடத்திய பாப்கான் போட்டியில் பெரும் பரிசு வாங்கிய பாட்டு. இரண்டு குரலும் இனிமையாக இழைந்து ‘காத்திருப்பேன்’ என்கின்றன. எதுவரைக்கும் என்று கவனியுங்கள்: வேறொருத்தி உன்னை வேண்டாம் என்று சொல்லும் நாள்வரைக்கும். அந்த இனிமைக்குள் இருக்கும் கூர்மையைப் பிடித்துக்கொண்டால் பாட்டு முற்றிலும் வேறாகக் கேட்கும்.

மூன்றாவது ‘மச்சிபுசே’. யுமி அராய், பிற்பாடு யுமி மட்சுதோயா என்று புகழ்பெற்றவர், 1976இல் செய்கோ மிகிக்காக எழுதியது. 1981இல் ஹிதோமி இஷிகாவா பாடியபோதுதான் பெரிய வெற்றி. அந்தி நேரத்தில் ஒரு காபிக்கடைக்குள் எட்டிப்பார்க்கிறாள். அவன் வேறொருத்தியோடு சிரித்துக்கொண்டிருக்கிறான். தற்செயலாகச் சந்தித்ததுபோல் காட்டி, அவன் வீடு திரும்பும் வழியில் காத்திருக்க முடிவெடுக்கிறாள். மெட்டோ துள்ளலானது. இந்தப் பெண் தோற்கப்போவதாக நினைக்கவே இல்லை என்பதை அந்தத் துள்ளல்தான் சொல்கிறது.

பிரிவுப் பாடல்களில் ஒரு பொருளைத் தேடிப்பிடியுங்கள். 70, 80களின் நல்ல பாடலாசிரியர்கள் துக்கத்தை ஒரு பொருளின் மேல் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். ஹிரோமி ஓட்டாவின் ‘மோமென் நோ ஹன்காச்சீஃபு’ (1975) இதற்குப் பாடமாகவே வைக்கத் தகுந்தது. வரிகள் தகாஷி மட்சுமோட்டோ, இசை கியோஹெய் ட்சுட்சுமி. நான்கு சரணங்கள். ஒவ்வொன்றிலும் முன்பாதி நகரத்துக்குப் போன அவன் பேச்சு, பின்பாதி ஊரில் நிற்கும் அவள் பதில், இரண்டையும் ஒரே குரல் பாடுகிறது. அவன் மோதிரம் அனுப்புகிறான், சூட் அணிந்த படம் அனுப்புகிறான். அவள் எதையும் கேட்பதில்லை. அவன் இனித் திரும்ப முடியாது என்று சொன்ன பிறகு முதன்முறையாக ஒன்று கேட்கிறாள்: கண் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை. மெட்டு முழுக்க வெளிச்சமான மேஜர். இதே வரிகளை மைனரில் போட்டிருந்தால் தாங்காது.

மட்சுமோட்டோவின் இன்னொன்று, அகிரா தெராவோ தானே மெட்டமைத்துப் பாடிய ‘ரூபி நோ யுபிவா’ (1981). ‘த பெஸ்ட் டென்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 12 வாரம் தொடர்ந்து முதலிடம், அந்த ஆண்டின் ஜப்பான் ரெக்கார்ட் விருதும் இதற்குத்தான். இதோடு மாரியா தகேவுச்சியின் ‘எகி’யைச் சேர்த்துக் கேளுங்கள். இரண்டிலும் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன, இரண்டிலும் கண்ணில் படுவது ஒரு கோட்டு. தெராவோவின் ஆள் தெருவில் பழுப்புநிறக் கோட்டு தெரிந்தால் அந்தக் கையில் ரூபி மோதிரம் இருக்கிறதா என்று பார்க்கிறான். தகேவுச்சியின் பெண் அந்தி நேர ரயில் நிலையத்தில் பழகிய மழைக்கோட்டைப் பார்த்துவிட்டு, அவன் ஏறியதற்கு அடுத்த பெட்டியில் ஏறுகிறாள். பேசுவதில்லை. ஒன்றே ஒன்று கேட்க நேரமிருக்கிறது என்றால் ‘எகி’யைத்தான் சொல்வேன்.

‘எகி’ முதலில் அகினா நகாமோரிக்காக எழுதப்பட்டு அவருடைய 1986 ஆல்பத்தில் வந்தது. 1987இல் தகேவுச்சி ‘ரிக்வெஸ்ட்’ ஆல்பத்தில் தானே பாடினார். நகாமோரி கிட்டத்தட்டக் காதோடு முணுமுணுக்கிறார், தகேவுச்சி நிமிர்ந்து நின்று பாடுகிறார். நகாமோரி பாடும் பெண் இன்னும் அந்தக் காதலுக்குள் இருக்கிறாள், தகேவுச்சியின் பெண் வெளியே வந்துவிட்டாள். இரண்டும் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக:

‘நகோரியுகி’: ஷோசோ இசே எழுதி காகுயாஹிமே குழுவின் 1974 ஆல்பத்தில் வந்தது, 1975இல் இருகா பாடிய பதிவுதான் பரவியது. நடைமேடை, காலம் தவறிய பனி, ரயிலுக்குக் காத்திருக்கும் பெண்.

ஆஃப் கோர்ஸ் குழுவின் ‘சயோனாரா’ (1979): முடிந்துவிட்டது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடும் பாட்டு.

ப்ரின்ஸஸ் ப்ரின்ஸஸின் ‘எம்’: 1988 ஆல்பத்தில் வந்து, மறு ஆண்டு ‘டயமண்ட்ஸ்’ சிங்கிளில் இரண்டாம் பாடலாகச் சேர்ந்தது. முகவரிப் புத்தகத்தில் அழிக்க முடியாத ஒரு பக்கம்.

நொரியுகி மகிஹாராவின் ‘மோ கோய் நான்தே ஷினாய்’ (1992): நீ இல்லாமலும் என்னால் முடியும் என்று கெண்டியை அடுப்பில் வைக்கிறான், தேயிலை எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

மசாயோஷி யமாசாகியின் ‘ஒன் மோர் டைம், ஒன் மோர் சான்ஸ்’ (1997): எதிர் நடைமேடை, சந்து வீட்டு ஜன்னல், விடியற்காலை சகுராகிச்சோ என்று வரமாட்டாள் என்று தெரிந்த இடங்களிலெல்லாம் தேடல்.

உதாதா ஹிகாருவின் ‘ஃபர்ஸ்ட் லவ்’ (1999): கடைசி முத்தத்தில் புகையிலை மணம். பட்டியலை இதோடு முடித்துக்கொள்ளலாம். இதே பெயருடைய ஆல்பம் ஜப்பானில் இன்றுவரை அதிகம் விற்ற ஆல்பம்.

---

அரைச்சுரம்

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கோளாறு உங்கள் கையில் இல்லை, எளிமைப்படுத்திய கார்டுத் தாளில் இருக்கிறது. அந்தத் தாள்கள் ஏழாம் சுரத்தையும் பேஸையும் வெட்டிவிடுகின்றன. இந்தப் பாடல்களுக்கு உயிர் அந்த இரண்டில்தான். எல்லாவற்றையும் சி மேஜரில் சொல்கிறேன், பிறகு வேண்டிய சுருதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நீங்கள் வாசித்த வரிசைக்கு ஜப்பானில் ‘ஓதோ ஷின்கோ’, அதாவது ராஜபாட்டை வரிசை என்று பெயர். சரியான வடிவம்: எஃப் மேஜர்7, ஜி7, ஈ மைனர்7, ஏ மைனர்7. எஃப்பும் ஜியும் ஒலித்தால் காது அடுத்து சி வருமென்று எதிர்பார்த்து நிற்கும். சி வருவதில்லை. ஈ மைனர் வந்து, அங்கிருந்து ஏ மைனருக்கு இறங்கிவிடுகிறது. வீட்டு வாசல்வரை வந்தவர் கதவைத் தட்டாமல் திரும்புவதுபோல. கிதாரில் முதல் கம்பியை நான்கு கார்டிலும் அழுத்தாமல் விடுங்கள், ஈ சுரம் மேலே தொடர்ந்து ஒலிக்கட்டும். ஆறாம் கம்பியிலிருந்து முதல் கம்பிவரை, எண் எந்தக் கட்டத்தில் (ஃப்ரெட்) அழுத்துவது என்பது, 0 அழுத்தாத கம்பி, எக்ஸ் ஒலிக்காமல் அடக்கும் கம்பி:

எஃப் மேஜர்7: எக்ஸ், எக்ஸ், 3, 2, 1, 0
ஜி6 (ஜி7க்குப் பதில்): 3, 2, 0, 0, 0, 0
ஈ மைனர்7: 0, 2, 0, 0, 0, 0
ஏ மைனர்7: எக்ஸ், 0, 2, 0, 1, 0

அடியில் எல்லாம் நகர, மேலே ஒரு சுரம் மட்டும் அசையாமல் நிற்கும். நீங்கள் தேடும் ஏக்கத்தில் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது எஃப் மேஜர்7, ஈ7, ஏ மைனர்7, ஜி மைனர்7, சி7. ஷீனா ரிங்கோவின் 1999 பாடலை வைத்து இதை இப்போது ‘மருனோஉச்சி வரிசை’ என்கிறார்கள். வரிசை அதைவிடப் பழையது. ஈ7இல் இருக்கும் ஜி ஷார்ப் மேலேறி ஏ சுரத்தைத் தொடத் துடிக்கும். கடைசியில் வரும் ஜி மைனர்7, சி7 இரண்டும் மறுபடி எஃப்புக்கே இழுத்துச் செல்லும். சுற்றிச் சுற்றி ஓடும், சி கார்டில் ஒருபோதும் உட்காராது. இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஈ7க்குப் பதில் ஈ மைனர் வாசித்தால் ஜி ஷார்ப் போய்விடும், கூர்மையும் போய்விடும். ஜி மைனர்7, சி7 இரண்டையும் சேர்த்து ஒரு ஜி கார்டாகச் சுருக்கினால் சுழற்சி உடைந்து, வரிசை அங்கேயே முடிந்ததுபோல் ஒலிக்கும்.

மூன்றாவது ஒரே ஒரு நகர்வு: எஃப், எஃப் மைனர், சி. உள்ளே ஏ, ஏ ஃப்ளாட், ஜி என்று அரைச்சுரமாக ஒரு குரல் கீழே வழிகிறது. பல்லவியின் கடைசி வரிக்கு முன்னால் இதை எதிர்பாருங்கள். பியானோவில் அந்த உள்குரலை மற்றதைவிடச் சற்று அழுத்தி வாசித்தால் போதும், வேறு அலங்காரம் வேண்டாம்.

நான்காவதுதான் பலரும் தவறவிடுவது: ஜி பேஸ் மேல் எஃப் கார்டு. ஜப்பானிய நோட்டுப் புத்தகங்களில் ‘எஃப் ஆன் ஜி’ என்று இருக்கும். ஜி7க்குள் பி சுரம் உண்டு, அது சி நோக்கித் தள்ளும். இந்தக் கார்டில் பி இல்லை, அதனால் தள்ளாமல் அந்தரத்தில் மிதக்கும். சரணம் முடிந்து பல்லவிக்குள் நுழையும் இடத்தில் யுமி மட்சுதோயா காலத்து இசையில் இது நிறைய வரும். கிதாரில்: 3, எக்ஸ், 3, 2, 1, 1. ஆறாம் கம்பியைக் கட்டைவிரலால் பிடியுங்கள், ஐந்தாம் கம்பி அதே விரலின் ஓரம் பட்டு அடங்கிவிடும். அது அடங்காமல் ஒலித்தால் கார்டு கலங்கிப்போகும். கீபோர்டில் இடக்கையில் ஜி மட்டும், வலக்கையில் எஃப், ஏ, சி. இடக்கையிலும் முழுக் கார்டு போடாதீர்கள்.

கடைசிப் பல்லவி அரைச்சுரம் ஏறும் பாடல்களில், சியிலிருந்து டி ஃப்ளாட்டுக்குப் போக நடுவில் ஏ ஃப்ளாட்7 ஒன்று போதும், இரண்டு அடி நீளம். தனிக் கிதாரில் கேப்போ போட்டு வாசிப்பவருக்கு அந்த இடத்தில் எல்லாமே பார் கார்டாகி ஒலி செத்துவிடும். அப்படியானால் ஏற்றத்தை விட்டுவிடுங்கள். அதே சுருதியில் முதல் பாதியை மிக மெதுவாக, அடிக்கு ஒரே ஒரு மீட்டலோடு வாசித்து, இரண்டாம் பாதியில் முழுதாக அடித்தால் ஏறியது போன்ற விளைவு கிடைக்கும்.

---

பனித்துளி

முதல் கம்பியை அழுத்தாமல் விட்டதுமே வித்தியாசம் தெரிகிறது, மிக்க நன்றி. பாடுவது பற்றி யாராவது சொல்லுங்கள். ஆண் குரல், பாட விரும்புவது ‘எகி’யும் ‘ஃபர்ஸ்ட் லவ்’வும்.

---

தாளக்கட்டு

சொற்கள் அடங்காததற்குக் காரணம், அசை பிரிப்பது. ஜப்பானிய மெட்டில் பெரும்பாலும் ஒரு குறிலுக்கு ஒரு சுரம். நெடிலுக்கு இரண்டு. இரட்டிக்கும் மெய்க்கு ஒரு தனி அடி. சொல் நடுவிலோ இறுதியிலோ வரும் ‘ன்’னுக்கும் தனி அடி. ‘மயோநாகா’ என்று நாம் நீட்டி எழுதினாலும் அங்கே நெடிலே இல்லை: ம, யொ, ந, க என்று நான்கு சம அடிகள். ‘கித்தே’ என்பது கி, த், தெ என்று மூன்று. நமக்குக் குறில் நெடில் காதில் ஏற்கெனவே இருப்பதால் இது சீக்கிரம் பிடிபடும். தடுக்குவது ‘ன்’தான், அதை முன்னெழுத்தோடு ஒட்டி விழுங்கினால் ஒரு அடி குறைந்து, மீதி வரி முழுக்க முன்னால் ஓடிவிடும்.

வரிகளைத் தமிழில் எழுதி வைத்துப் பாடுகிறீர்கள் என்றால் இன்னொரு சிக்கல். நம் க, த, ப வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் ஒரே எழுத்து. ஜப்பானியத்தில் அவை பொருளையே மாற்றும். ‘ga’ வகை ஒலி வரும் இடத்தில் எழுத்தின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதோடு, 70, 80களின் பாடகர்கள் பலர் சொல்லின் நடுவிலும் வேற்றுமை உருபாகவும் வரும் அந்தக் ‘கா’வை மூக்கால், கிட்டத்தட்ட ‘ங’ என்றே ஒலிப்பார்கள். வரி மென்மையாக வழிவதற்கு அது ஒரு காரணம். ‘சுகி’ போன்ற சொல்லில் பேச்சில் ‘சு’வின் உயிர் மறைந்து ‘ஸ்கி’ என்று கேட்கும். பாட்டில் அந்த எழுத்துக்குத் தனிச் சுரம் இருந்தால் உயிரை முழுதாகப் பாட வேண்டும்.

சுருதி: சரணத்தை வைத்து ஒருபோதும் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்தப் பாடல்களின் சரணம் தாழ்வாக, பேச்சுபோல் போகும், எந்தச் சுருதியும் வசதியாகவே தோன்றும். கடைசிப் பல்லவியின் உச்ச வரியை எடுத்து, தொடர்ந்து மூன்று முறை பாடுங்கள். மூன்றாம் முறையும் தொண்டை இறுகாவிட்டால் அதுதான் உங்கள் சுருதி. ‘ஃபர்ஸ்ட் லவ்’ கடைசியில் மேலேறுவதால் ஏறிய பிறகு வரும் உச்சத்தையே அளவாகக் கொள்ளுங்கள். பிறகு சரணத்தின் அடிச்சுரம் கேட்கிறதா என்று பாருங்கள்.

பெண் பாடகர் பாட்டை ஆண் பாட இரண்டு வழி. எண்மம் (ஆக்டேவ்) மாறாமல் பாடினால் 4 முதல் 6 அரைச்சுரம் இறக்குங்கள். ஓர் எண்மம் கீழே பாடினால் சரணம் பள்ளத்தில் விழுந்துவிடும், ஆகவே 3 முதல் 5 அரைச்சுரம் ஏற்றுங்கள். ‘எகி’க்கு இரண்டாவது வழி நல்லது, அடக்கமாக நிற்கும். ‘ஃபர்ஸ்ட் லவ்’வுக்கு முதல் வழி, அதன் பல்லவியில் குரல் பொய்க்குரலுக்குத் தாவும் இடங்கள் கீழ் எண்மத்தில் காணாமல் போய்விடும். டாம், ஜாய்சவுண்ட் போன்ற ஜப்பானிய கரோக்கே கருவிகளில் ஓர் அழுத்தலுக்கு ஓர் அரைச்சுரம் மாறும், மூலச் சுருதிக்குத் திரும்பத் தனிப் பொத்தானும் உண்டு.

ஒரு வேண்டுகோள்: சரணத்தில் விம்மாதீர்கள். எங்காவது குரல் உடைய வேண்டுமென்றால் பாட்டில் ஒரே இடம், அதுவும் பல்லவியின் கடைசி வரியில் மட்டும்.

---

ஊசிமுனை

நான்காம் கேள்வி. காணொளித் தளத்தில் தனியார் ஏற்றிய பழைய பாடல்களில் சுருதி கொஞ்சம் மாறியிருப்பது சாதாரணம்: பதிப்புரிமைச் சோதனையிலிருந்து தப்ப வேகத்தைக் கூட்டியிருப்பார்கள், அல்லது ரெக்கார்டு தட்டுச் சுழற்சியிலேயே பிழை இருக்கும். கூடவே வாசிக்கும் முன் ட்யூனரில் பாருங்கள். எல்லாச் சுரமும் ஒரே அளவில், 20 முதல் 40 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தள்ளி நின்றால் உங்கள் கிதாரைத் திருப்பாதீர்கள், வேறு பதிவைத் தேடுங்கள். ஃப்யூச்சர் ஃபங்க் என்ற பெயரில் வருபவை 80களின் பாட்டை வெட்டி வேகமேற்றியவை. அவற்றை வைத்து மூலத்தின் வேகத்தைக் கணக்கிட முடியாது.

தேடும்போது பாடகர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். ‘ஹட்சுகோய்’ என்றால் முராஷிதாவும் வருவார், உதாதா ஹிகாருவின் 2018 பாடலும் வரும். ‘சயோனாரா’ என்ற பெயரில் எத்தனையோ பாடல்கள் உண்டு. ஹிதேஆகி தொகுனாகாவின் ‘வோகலிஸ்ட்’ வரிசை ஆல்பங்களும், 2005 முதல் வந்தவை, நடுவில் தலைகாட்டும். பெண்கள் பாடிய பாடல்களை அவர் ஆண்குரலில் பாடியவை. மேலே கேட்ட ‘ஆண் எப்படிப் பாடுவது’ என்பதற்கு நல்ல பாடம்தான், ஆனால் மூலத்தைக் கேட்ட பிறகு போங்கள்.

தட்டாக வாங்குகிறவர்களுக்கு: 7 அங்குல சிங்கிள்களில் பல நடுவில் பெரிய துளை கொண்டவை, ரெக்கார்டு பிளேயருக்கு 45 அடாப்டர் இல்லாமல் ஓடாது. எல்பி வாங்கினால் அட்டையைச் சுற்றிய ‘ஓபி’ காகிதப் பட்டையும் பாடல் வரித் தாளும் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பட்டை இல்லாவிட்டால் விலை குறைய வேண்டும், வரித் தாள் இல்லாவிட்டால் கேட்கிறவருக்கே இழப்பு. 1988 முதல் 90கள் முழுக்க வந்தவை 8 செ.மீ. சிடி சிங்கிள்கள், நீளமான காகித உறையில். தட்டை உள்ளிழுக்கும் வகைக் காரிலோ கணினியிலோ அவற்றைப் போட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். தட்டு வெளியே நீளும் கருவியில், நடுவிலுள்ள சிறிய வட்டப் பள்ளத்தில் வைத்தால் சிக்கலில்லாமல் ஓடும்.

---

ரேடியோப்பெட்டி

ஒன்று விட்டுப்போயிற்று. சிசாதோ மொரிதாகாவின் ‘வதராசே-பாஷி’ (1993). தொச்சிகி மாநிலத்து அஷிகாகா நகரில் உண்மையாகவே இருக்கும் பாலம். பெண் தன் ஊரை விட்டு வர முடியாது, அவன் இங்கே வந்து வாழ முடியாது; சண்டையோ துரோகமோ எதுவும் இல்லாத பிரிவு. பாலம், கோயில், முடிதிருத்தும் கடை மூலையில் தனியாக நிற்கும் பொதுத் தொலைபேசி என்று பாட்டு ஊரைச் சுற்றி நடக்கிறது. வரிகள் மொரிதாகாவே எழுதியவை. நடுவில் வரும் ரெக்கார்டர் குழலையும் வாசித்தது அவரே. அரைச்சுரம் சொன்ன கார்டுகளைப் பழகியவர்கள் அந்தக் குழல் பகுதியை முதலில் எடுத்துக்கொள்ளலாம், எளிய மெட்டு, மேலே ஒற்றைக் கம்பியில் வந்துவிடும்.